இருவர் மட்டும் மிஞ்சிய மேசை, எதிராளி ஆல்-இன்: ராஜா-ஒன்பதோடு ஏற்பதா, விடுவதா?

வெருலம்_வாசி

வணக்கம். வியாழக்கிழமை இரவு டர்பனில், உரிமம் பெற்ற ஒரு போக்கர் அறையில் நடந்த சிறிய போட்டியின் கடைசிக் கட்டத்தில் எனக்கு வந்த ஒரு கையைப் பற்றிக் கேட்க வேண்டும். நான் ஏற்றேனா, விட்டேனா என்பதை இப்போது சொல்லப் போவதில்லை. அது தெரிந்துவிட்டால் எல்லோரும் அதை வைத்தே பேசுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் எது சரியான முடிவு என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நிலவரம் இது. டெக்சஸ் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு மறைவுச் சீட்டு, பிறகு மேசையில் ஐந்து பொதுச் சீட்டு), வரம்பில்லாப் பந்தயம். நாங்கள் இருவர் மட்டுமே மிச்சம். பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடும் பந்தயம், சிறியது 10,000, பெரியது 20,000; அதற்கு மேல் போடும் கட்டாயத் தொகையான ஆன்டி கிடையாது. இனி எல்லாவற்றையும் ஆயிரத்தில் எழுதுகிறேன்: என்னிடம் 280, அவரிடம் 320. முதல் பரிசு 30,000 ராண்ட், இரண்டாம் பரிசு 18,000 ராண்ட்.

பட்டன் (டீலர் இடத்தைக் காட்டும் வில்லை; கைக்குக் கை மாறும்) அவரிடம், அதாவது சிறிய பிளைண்ட் அவருடையது, முதலில் ஆட வேண்டியவரும் அவர்தான். பெரிய பிளைண்டாக நான் 20 போட்டிருக்கிறேன். எனக்கு வந்தவை கிளாவர் ராஜாவும் டைமண்ட் ஒன்பதும். அவர் ஒருமுறை சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அதன் மேல் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை வைத்தார். பிறகு சிப்ஸ் அடுக்குகள் எல்லாவற்றையும் இரண்டு கைகளாலும் சேர்த்து நடுவில் தள்ளினார்: ஆல்-இன்.

ஐம்பதைத் தாண்டிய, அமைதியான மனிதர். நாங்கள் இருவர் ஆன பிறகு பட்டனில் அவர் பெரும்பாலும் 40-க்கு உயர்த்துவார்; சில நேரம் சீட்டைப் போட்டுவிடுவார். அப்படி 40-க்கு உயர்த்திய கைகளில் இரண்டை மேசையில் பார்க்க நேர்ந்தது. ஒன்று ஏஸ்-ராணி, மற்றது பத்து ஜோடி. முழுவதையும் தள்ளியது இதுதான் முதல் முறை.

உங்களில் யார் ஏற்பீர்கள்? ஏன்?

மெர்பேங்க்_பெரியவர்

தம்பி, விடு. யோசிக்கவே வேண்டாம்.

அமைதியாக ஆடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று எல்லாவற்றையும் தள்ளுகிறார் என்றால் கையில் சரக்கு இருக்கிறது. ராஜா-ஒன்பது பார்க்கத்தான் அழகு. ஏஸ் வைத்திருப்பவன் எவனானாலும் உன்னைவிட மேலே இருக்கிறான். எந்த ஜோடி வைத்திருந்தாலும் மேலே இருக்கிறான். உன்னைவிட நல்ல ராஜா வைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

நான் ஐம்பது வருடமாகத் துனி என்ற நம் சீட்டாட்டத்தை ஆடுகிறவன். துனியில் ஒன்பதுக்கு 20 புள்ளி, ராஜாவுக்கு 3 புள்ளி. ஜாக்கிதான் 30 புள்ளியோடு எல்லாவற்றுக்கும் மேலே. போக்கரில் வரிசை தலைகீழ் என்பது தெரியும். ஆனால் மனிதர்கள் மாறுவதில்லை. துனியில் வாய் திறக்காமல் இருப்பவர் திடீரென்று பெரிய கேட்பு (ஏலம்) கேட்டால் நாங்கள் அவரோடு மல்லுக்கு நிற்க மாட்டோம்.

சாட்ஸ்வொர்த்_கணக்கு

பெரியவரே, மனிதரைப் பற்றி நீங்கள் சொல்வதற்குப் பிறகு வருகிறேன். முதலில் விலையைப் பார்த்துவிடுவோம். விலை தெரியாமல் வாங்கலாமா வேண்டாமா என்று பேச முடியாது.

வெருலம் தம்பியிடம் மொத்தம் 280. அதில் 20 ஏற்கெனவே நடுவில் இருக்கிறது. அவர் 320 தள்ளினாலும் தம்பியிடம் உள்ள அளவுக்குத்தான் அது செல்லும். ஆகவே அவர் பங்கு 280. நடுவில் இப்போது 300. தம்பி இன்னும் போட வேண்டியது 260. போட்டால் மொத்தம் 560 ஆகும். 260-ஐ 560-ஆல் வகுத்தால் 46.4 சதவீதம். நூறு முறை இதே நிலையில் ஏற்றால் 46-47 முறை வென்றாலே முதலுக்கு மோசமில்லை. பாதிக்கு மேல் வெல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தேவையில்லை. முன்பே போட்ட 20 தம்பியுடையது அல்ல, அது நடுவில் கிடக்கும் பொருள். அதனால்தான் விலை பாதிக்குக் கீழே இறங்குகிறது.

அடுத்தது, ராஜா-ஒன்பது எத்தனை முறை வெல்லும் என்பது. அவரிடம் இருப்பது ஒரு குறிப்பிட்ட கை என்று ஊகிப்பதில் பயனில்லை. எந்தெந்தக் கைகளோடு அவர் தள்ளுவார் என்று ஒரு பட்டியல் போட வேண்டும். தம்பியின் இரண்டு சீட்டும் போக மிச்சம் 50. அவற்றில் 1,225 இரட்டைகள் சாத்தியம்.

இறுக்கமான பட்டியல்: ஆறு ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, ஏஸ்-ஒன்பதும் அதற்கு மேலும், ராஜா-ஜாக்கி, ராஜா-ராணி. தம்பியின் கையில் ஒரு ராஜா இருப்பதால் ஏஸ்-ராஜா 16 வழிகளுக்குப் பதில் 12 வழிகளில்தான் வரும். ராஜா ஜோடி 6-க்குப் பதில் 3. இப்படி எண்ணினால் 144 இரட்டைகள், சுமார் 12 சதவீதம். இந்தப் பட்டியலுக்கு எதிராக ராஜா-ஒன்பது ஏறத்தாழ 33 சதவீதம்தான் வெல்லும்.

தாராளமான பட்டியல்: எல்லா ஜோடிகளும், எந்த ஏஸும், எந்த ராஜாவும், ராணி-எட்டு முதல் மேலே, ஜாக்கி-எட்டு முதல் மேலே, பத்து-எட்டு, பத்து-ஒன்பது, ஒன்பது-எட்டு, எட்டு-ஏழு. இவை 545 இரட்டைகள், ஏறத்தாழ 44.5 சதவீதம். இதற்கு எதிராக ராஜா-ஒன்பது ஏறத்தாழ 50 சதவீதம் வெல்லும்.

முதல் மனிதரை ஏற்றால் சராசரியாக 75 நட்டம். இரண்டாமவரை ஏற்றால் 20 லாபம், அதாவது ஒரு பெரிய பிளைண்ட். சீட்டு மாறவில்லை, விலை மாறவில்லை. தள்ளியவர் யார் என்பது மட்டும் மாறியது.

லெனேசியா_சிப்ஸ்

கணக்கு அண்ணா எழுதியதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தம்பி சொன்ன ஒரு விவரத்தை எல்லோரும் தாண்டிப் போகிறீர்கள். ஏஸ்-ராணியும் பத்து ஜோடியும் வந்தபோது அந்த மனிதர் தள்ளவில்லை, 40-க்குத்தான் உயர்த்தினார். நல்ல கை வந்தால் எதிராளியை ஓடவிடக் கூடாது என்று நினைக்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் முழுவதையும் தள்ளினால், ஃப்ளாப் (மேசையில் முதலில் விழும் மூன்று சீட்டு) பார்க்க விரும்பாத கை என்று அர்த்தம். சின்ன ஜோடி, ஏஸ்-மூன்று, ஏஸ்-ஆறு, ராணி-ஜாக்கி மாதிரி. ஜோஹன்னஸ்பர்க் மேசைகளில் நான் ஓயாமல் பார்க்கும் பழக்கம் இது. பயம்தான் பெரிய பந்தயமாக வெளியே வருகிறது.

ஆகவே பட்டியலின் உச்சியில் இருக்கும் ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா எல்லாவற்றையும் அடித்துவிடலாம். நான் ஏற்பேன்.

மெர்பேங்க்_பெரியவர்

பயந்தவன் தள்ளுவான் என்பது சரி. பயந்தவனிடம் ஏஸ் இருக்காதா?

இன்னொன்றையும் யாரும் பேசவில்லை. இரண்டாம் பரிசு 18,000 ராண்ட். ஏற்றுத் தோற்றால் அந்த இடத்திலேயே ஆட்டம் முடிந்தது. விட்டால் 260 கையில் இருக்கிறது, இன்னும் ஆடலாம். 12,000 ராண்ட் வித்தியாசத்தை ராஜா-ஒன்பதில் கட்டுவதா?

டோங்காட்_அக்கா

பெரியவரே, மரியாதையோடு மறுக்கிறேன். இந்த இடத்தில்தான் நம் மேசைகளில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இருவர் மட்டும் மிஞ்சிவிட்டால் 18,000 ராண்ட் இருவருக்கும் உறுதி. அதை யாராலும் பறிக்க முடியாது. மேசையில் இப்போது பந்தயம் 12,000 ராண்டுக்கு மட்டும்தான். அந்த 12,000-ல் உங்கள் பங்கு எவ்வளவு என்பதை உங்கள் சிப்ஸ் பங்கே சொல்லிவிடும், இருவரும் சம திறமை என்று வைத்தால்.

மொத்தம் 600. விட்டால் 260 மிஞ்சும், 43.3 சதவீதம். 18,000-த்தோடு 12,000-ல் 43.3 சதவீதத்தைக் கூட்டினால் 23,200 ராண்ட். ஏற்று வென்றால் 560. அதன் மதிப்பு 29,200 ராண்ட். ஏற்றுத் தோற்றால் 18,000. எத்தனை முறை வென்றால் 23,200-க்குச் சமமாகும்? தோல்விக்கும் வெற்றிக்கும் இடைவெளி 11,200, தேவை 5,200. வகுத்துப் பாருங்கள், மறுபடியும் அதே 46.4 வரும்.

சிப்ஸில் போட்டாலும் ராண்டில் போட்டாலும் ஒரே விடை. இருவர் ஆட்டத்துக்கு மட்டுமே உள்ள குணம் இது. மூவர் இருந்திருந்தால் கதையே வேறு. மூன்றாமவர் இரண்டு பிளைண்ட் மட்டும் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தால், நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே இரண்டாம் பரிசு மடியில் விழலாம். அப்போது ராஜா-ஒன்பதை மட்டுமல்ல, இன்னும் நல்ல கைகளையும் போட்டுவிட வேண்டியிருக்கும். பெரியவர் சொல்லும் எச்சரிக்கை அந்த நேரத்துக்கானது. மூன்றாமவர் எழுந்து போன அந்த நொடியோடு அது செல்லாது. பலர் அந்த எச்சரிக்கையைச் சுமந்துகொண்டே இருவர் ஆட்டத்துக்குள் வருகிறார்கள்; எதிராளி சிப்ஸைத் தள்ளத் தள்ள விட்டுக்கொண்டே இருந்து கரைந்துபோகிறார்கள். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

கணக்கு அண்ணா சொன்ன 20 லாபம் ராண்டில் 400. 75 நட்டம் ராண்டில் 1,500. கைக்கு வரும் அளவு தெரிய வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

கேப்டவுன்_மாணவன்

அக்கா, ஒரு சந்தேகம். தாராளமானவராக இருந்தாலும் லாபம் 400 ராண்டுதான் என்கிறீர்கள். அதற்காகப் போட்டியையே ஒரு கையில் கட்ட வேண்டுமா? நான் அவரைவிட நன்றாக ஆடுகிறேன் என்றால் விட்டுவிட்டு நல்ல சந்தர்ப்பத்துக்குக் காத்திருக்கலாம் அல்லவா?

டோங்காட்_அக்கா

நியாயமான கேள்வி. அதற்கும் அளவு இருக்கிறது. விட்டால் உங்கள் சிப்ஸ் பங்கு 43.3 சதவீதம். திறமையால் உங்கள் உண்மையான வெற்றி வாய்ப்பு 46.7-க்கு உயரும் என்றால், விடுவதும் தாராளமானவரை ஏற்பதும் சமம். மூன்றரை புள்ளிக்குக் கொஞ்சம் குறைவான மேன்மை உங்களுக்கு வேண்டும்.

கேள்வி, விட்ட பிறகு மிஞ்சும் 260-ல், அதாவது 13 பெரிய பிளைண்ட் ஆழத்தில், அவ்வளவு மேன்மை கிடைக்குமா என்பது. நூறு பிளைண்ட் இருந்தால் ஃப்ளாப்புக்குப் பிறகு மூன்று சுற்று ஆடித் திறமையைக் காட்டலாம். 13-ல் பெரும்பாலான கைகள் முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். ஒவ்வொரு இரண்டு கைக்கும் பிளைண்டாக ஒன்றரை பிளைண்ட் வைக்கிறோம். பிளைண்ட் வேறு ஏறிக்கொண்டே போகும். எதிராளி தள்ளவே பயப்படுகிறவர், நாம் தள்ளினால் விட்டுக்கொண்டே இருப்பவர் என்றால் உங்கள் மேன்மை பெரியதுதான். அவரை ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னலாம். வெருலம் தம்பியின் எதிராளி அப்படித்தான் தெரிகிறார். ஆகவே உங்கள் வாதத்தை நான் ஒதுக்கவில்லை.

பீனிக்ஸ்_இரவு

2003 உலகப் போக்கர் தொடரின் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 839 பேர் கலந்துகொண்ட முதன்மைப் போட்டி. கடைசியில் கிரிஸ் மணிமேக்கரும் சாம் ஃபர்ஹாவும். மணிமேக்கர் கணக்காளர், ஃபர்ஹா தொழில்முறை ஆட்டக்காரர். ஒரு கையில் கடைசிச் சீட்டு விழுந்த பிறகு மணிமேக்கர் ஆல்-இன் தள்ளினார். அவரிடம் இருந்தது ராஜா-ஏழு; வர வேண்டிய ஃப்ளஷும் (ஐந்தும் ஒரே இனம்) வரவில்லை, ஸ்ட்ரெய்ட்டும் (ஐந்தும் தொடர் வரிசை) வரவில்லை. ஃபர்ஹாவிடம் ராணி-ஒன்பது. மேசையில் விழுந்த ஐந்தில் பெரிய சீட்டே ஒன்பதுதான், ஆக அவரிடம் மேல் ஜோடி. நெடுநேரம் யோசித்துவிட்டு ஃபர்ஹா விட்டார். முதல் பரிசான 25 லட்சம் டாலரை மணிமேக்கர் கொண்டுபோனார். அடங்கிய ஆள் தள்ளினால் சரக்கு இருக்கிறது என்று அன்று ஃபர்ஹாவும்தான் நினைத்திருப்பார்.

சாட்ஸ்வொர்த்_கணக்கு

பீனிக்ஸ் தம்பி, அந்தக் கை எனக்கும் பிடித்தமானது. ஆனால் இதற்கு அளவுகோல் ஆகாது. அங்கே ஐந்து சீட்டும் விழுந்துவிட்டன. ஃபர்ஹா முன்னே இருக்கிறார் அல்லது பின்னே இருக்கிறார், இரண்டில் ஒன்று. இனி வரப் போகும் சீட்டு எதுவும் இல்லை. ஆகவே கேள்வி முழுக்க எதிராளியின் துணிச்சலைப் பற்றியது. இங்கே ஐந்து சீட்டும் இனிதான் வர வேண்டும். ஏஸ்-நான்குக்குப் பின்னே இருந்தாலும் ராஜா-ஒன்பது நூற்றில் நாற்பதுக்கு மேல் வெல்லும். ஃப்ளாப்புக்கு முன் 'பின்னே இருக்கிறேன்' என்பது மட்டும் விடுவதற்குப் போதிய காரணம் ஆகாது. எவ்வளவு பின்னே என்று பார்க்க வேண்டும். பெரியவர் "ஏஸ் வைத்திருப்பவன் எவனானாலும் மேலே" என்றாரே, அந்த 'மேலே' ஏஸ்-நான்கிடம் ஒரு சின்னப் படி. ஏஸ்-ராஜாவிடம் அது மலை. அங்கே ராஜா-ஒன்பதுக்கு நூற்றில் இருபத்தைந்து சொச்சம்தான்.

லெனேசியா தம்பி சொன்னதையும் போட்டுப் பார்த்தேன். விடை எனக்கே வியப்பாக இருந்தது. இறுக்கமான பட்டியலிலிருந்து பத்து ஜோடி முதல் ஏஸ் ஜோடி வரை, ஏஸ்-ராஜா, ஏஸ்-ராணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ராஜா-ஒன்பதின் பங்கு 33-லிருந்து 35-க்குத்தான் ஏறியது! ஏனென்றால் நம்மை அடிப்பவை உச்சியில் உள்ள அந்த அரிதான கைகள் மட்டுமல்ல. ஏஸ்-பத்து, ஏஸ்-ஜாக்கி, ராஜா-ஜாக்கி, ராஜா-ராணி போன்ற நடுத்தரக் கைகளும்தான். எண்ணிக்கையிலும் அவை அதிகம். உச்சியை வெட்டுவதால் நமக்கு மூச்சு விட இடம் கிடைப்பதில்லை. அடிவாரம் எவ்வளவு தூரம் கீழே இறங்குகிறது என்பதுதான் முக்கியம்.

அதனால் லெனேசியா தம்பியின் வர்ணனையையே ஒரு பட்டியலாக்கினேன்: இரண்டு ஜோடி முதல் ஒன்பது ஜோடி வரை, ஏஸ்-இரண்டு முதல் ஏஸ்-ஜாக்கி வரை, ராஜா-ஒன்பது முதல் ராஜா-ராணி வரை, ராணி-ஜாக்கி, ராணி-பத்து, ஜாக்கி-பத்து. இவை 294 இரட்டைகள், 24 சதவீதம். ராஜா-ஒன்பதின் பங்கு ஏறத்தாழ 43. விலை 46.4. போதவில்லை. ஏற்றால் சராசரியாக 20 நட்டம்.

லெனேசியா_சிப்ஸ்

அண்ணா, அப்படியானால் என் வாதமே விடுவதற்குச் சாட்சி சொல்கிறது போலிருக்கிறதே. ஏழு-ஆறு, ராஜா-மூன்று, ராணி-எட்டு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தால்தான் ஏற்பது சரி என்கிறீர்களா?

சாட்ஸ்வொர்த்_கணக்கு

ராஜா-மூன்று, ராஜா-ஐந்து போன்றவை மிக முக்கியம். அவற்றிடம் நாம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெல்வோம். எதிராளி எந்த ராஜாவோடும் தள்ளுகிறவர் என்றால் ராஜா-ஒன்பதுக்கு உயிர் வந்துவிடும். தோராயமாகச் சொன்னால், தன் கைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளுகிறவரை ஏற்கலாம். அதற்குக் குறைவானவரை விடலாம்.

இப்போது மெர்பேங்க் பெரியவரிடம் வருகிறேன், ஏனென்றால் அவர் முதலிலேயே சரியான கேள்வியைத் தொட்டார். எதிராளியைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது என்று வையுங்கள். இறுக்கமானவராகவோ தாராளமானவராகவோ இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பட்டனில் இறுக்கமானவர் நூற்றில் 12 முறை தள்ளுவார். தாராளமானவர் 44 அல்லது 45 முறை தள்ளுவார். ஆகவே ஒருவர் தள்ளுவதைக் கண்ணால் பார்த்ததுமே, அவர் தாராளமானவராக இருக்கும் வாய்ப்பு 50-லிருந்து 79-க்கு ஏறிவிடுகிறது. இறுக்கமானவராக இருக்கும் வாய்ப்பு 21-க்கு இறங்குகிறது. 79-ஐ 20 லாபத்தால் பெருக்குங்கள், 21-ஐ 75 நட்டத்தால் பெருக்குங்கள். 1,580-க்கு 1,575. சமம்! முன்பின் தெரியாத ஒருவரிடம் இந்தக் கையை ஏற்பதும் விடுவதும் ஒன்றுதான்.

அப்படிச் சமமாக நிற்கும் தராசில், பார்த்தறிந்த ஒரு சின்ன விவரம்கூட முள்ளைச் சாய்த்துவிடும். தம்பி பார்த்தது என்ன? இதற்கு முன் பட்டனில் அவர் ஒருமுறைகூடத் தள்ளவில்லை. தாராளமானவராக இருந்திருந்தால் இரண்டுக்கு ஒரு முறை தள்ளியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை அவர் தள்ளாமல் இருந்தபோதும் தாராளமானவர் என்ற வாய்ப்பு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆகவே இந்த மனிதரிடம் ராஜா-ஒன்பதை நான் விடுவேன். வழி வேறானாலும் பெரியவர் சொன்ன இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

மெர்பேங்க்_பெரியவர்

நன்றி. ஆனால் டோங்காட் அக்கா சொன்னது எனக்குப் புதிது. 18,000 ராண்ட் ஏற்கெனவே பையில் இருக்கிறது, அதற்காகப் பயப்படத் தேவையில்லை என்பதை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. விடு என்று நான் சொன்னதற்கு இரண்டு காரணம் கொடுத்தேன். ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது.

துனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. துனியில் 24 சீட்டு, நான்கு பேருக்கு ஆளுக்கு ஆறு. எல்லாச் சீட்டும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது, ஒன்றும் மறைந்திருப்பதில்லை. விழ விழ எண்ணிக்கொண்டே வந்தால் கடைசியில் யாரிடம் எது என்று தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு போக்கர் மேசையில் உட்கார்ந்தால் எதிராளியின் இரண்டு சீட்டைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று மனம் அடம்பிடிக்கும். இருவர் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டும் மேசையில் ஐந்தும் போக 43 சீட்டு வெளியே வருவதே இல்லை.

டோங்காட்_அக்கா

ஆனாலும் துனியில் கேட்பு கேட்பது நான்கு சீட்டைப் பார்த்துத்தானே, பெரியவரே? மீதி இரண்டு பிறகுதானே வருகிறது? என் அப்பா கேட்பில் கெட்டிக்காரர். வரப் போகும் இரண்டில் என்ன வரலாம் என்று எடைபோட்டுத்தான் கேட்பார். அந்த மூளைதான் இங்கேயும் வேண்டும்.

மெர்பேங்க்_பெரியவர்

அது உண்மை. ஒப்புக்கொள்கிறேன்.

கேப்டவுன்_மாணவன்

இதற்கெல்லாம் கணினி விடை கண்டுவிட்டது என்கிறார்களே. அதைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டால் போதாதா?

சாட்ஸ்வொர்த்_கணக்கு

ஓரளவுக்கு. வரம்புள்ள பந்தயத்தோடு ஆடும் இருவர் ஹோல்டெமுக்குக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஏறத்தாழ முழுமையான தீர்வையே வெளியிட்டார்கள். வரம்பில்லாப் பந்தயத்தில், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேடஸ் என்ற நிரல் 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடி வென்றது. இந்தக் கையின் 14 பிளைண்ட் (280) போன்ற குறைந்த ஆழத்தில், தள்ளுவது அல்லது விடுவது என்ற இரண்டே வழிகளுக்கான சமநிலை அட்டவணைகள் நெடுங்காலமாகவே கிடைக்கின்றன.

ஆனால் அந்த அட்டவணை எதைச் சொல்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். எதிராளியும் அதே அட்டவணைப்படி ஆடினால் உனக்கு நட்டம் வராது என்கிறது. அட்டவணைப்படி ஆடுபவர் 14 பிளைண்டில் மிகத் தாராளமாகத் தள்ளுவார். அவருக்கு எதிராக ராஜா-ஒன்பதை ஏற்கலாம். ஐந்து ராண்ட் நாணயத்தைச் சீட்டின் மேல் வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர் அட்டவணை பார்த்தவராக எனக்குத் தெரியவில்லை. மனப்பாடம் செய், ஆனால் யாரிடமிருந்து விலக வேண்டும் என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்.

பீனிக்ஸ்_இரவு

பழகுவதற்கு இணையத்தில் பணம் வைத்து ஆடலாமா? ஒரு தளத்தில் குறைந்த தொகைக்கு இருவர் மேசைகள் இருக்கின்றன.

டோங்காட்_அக்கா

வேண்டாம் தம்பி. நம் தென்னாப்பிரிக்காவில் 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டப்படி இணையத்தில் பணம் வைத்துப் போக்கர் ஆடுவது குற்றம். அதை முறைப்படுத்த 2008-இல் கொண்டுவந்த திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை. வெளிநாட்டுத் தளம் பணத்தைக் கொடுக்காவிட்டால் நீ முறையிட ஓர் இடமும் இருக்காது. பணம் இல்லாமல் ஆடும் நிரல்கள் நிறைய இருக்கின்றன. கைகளை எழுதி வைத்துக்கொண்டு இங்கே கொண்டு வா, சேர்ந்து பார்க்கலாம். போட்டிக்குப் போவதானால் நுழைவுக் கட்டணத்தைத் தனியாக எடுத்து வை. வீட்டு வாடகை இருக்கும் பையிலிருந்து எடுக்காதே. வாடகைப் பணத்தில் உட்கார்ந்திருப்பவரால் 46.4-ஐ 46.4-ஆகப் பார்க்க முடியாது. அந்தத் தொகை அவர் கண்ணுக்கு மலையாகத் தெரியும், விட வேண்டாதவற்றையெல்லாம் விடுவார்.

வெருலம்_வாசி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாகப் பேசுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

நான் விட்டேன். அவர் நாணயத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டைக் கவிழ்த்தபடியே டீலரிடம் நகர்த்திவிட்டார். என்ன வைத்திருந்தார் என்பது எனக்கும் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அதன் பிறகு கொஞ்ச நேரம் ஆடினோம். ஏழு ஜோடியோடு நான் தள்ளினேன், அவர் ஏஸ்-ஜாக்கியோடு ஏற்றார், ஃப்ளாப்பிலேயே ஜாக்கி வந்தது. இரண்டாம் பரிசு எனக்கு.

அந்த நிமிடத்தில் என் மனதில் ஓடியதும் கணக்கு அண்ணா சொன்னதுதான், எண்கள் இல்லாமல்: இவ்வளவு நேரம் தள்ளாதவர் இப்போது தள்ளுகிறார். ஆனால் அந்த 24 சதவீதப் பட்டியலில்கூட 43 இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. இன்னும் கீழே இருக்கும் என்றே நினைத்திருந்தேன். விடுவதற்கும் ஏற்பதற்கும் இடையே அவ்வளவு சின்ன இடைவெளிதான் என்றால், அடுத்த முறை ராஜா-பத்து வந்தால் நான் மறுபடி யோசிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. சிப்ஸ் ஆழம் வேறாக இருந்தால் இந்த 46.4 எவ்வளவு மாறும்?

சாட்ஸ்வொர்த்_கணக்கு

மிகக் குறைவாகத்தான் மாறும். பெரிய பிளைண்டில் இருக்கும்போது, ஆன்டி இல்லாவிட்டால், சூத்திரம் எளிது: இருவரில் சிறிய அடுக்கு எத்தனை பிளைண்டோ அதிலிருந்து ஒன்றைக் கழித்து, கழிக்கும் முன் இருந்த எண்ணின் இரு மடங்கால் வகுக்கவும். 5 பிளைண்டில் 40 சதவீதம், 10-ல் 45, 14-ல் 46.4, 25-ல் 48. ஐந்துக்குக் கீழே போனால் மட்டும் விலை சரசரவென்று சரியும். 3 பிளைண்டில் 33 சதவீதம், அப்போது இறுக்கமானவரிடம்கூட ராஜா-ஒன்பதை ஏற்பதும் விடுவதும் ஏறத்தாழச் சமம்.

விலை இப்படி மெல்ல நகரும்போது எதிராளியின் பட்டியல்தான் வேகமாக விரியும், சுருங்கும். 25 பிளைண்டில் ஒருவர் தள்ளினால் பட்டியல் வேறு, 7 பிளைண்டில் தள்ளினால் வேறு. பெரிய பிளைண்ட் ஆன்டியும் போடும் போட்டிகளில் நடுவில் இன்னொரு பிளைண்ட் சேரும். 14 பிளைண்டில் விலை 46.4-லிருந்து 44.8-க்கு இறங்கும்: ஆன்டி போட்ட பிறகு உன்னிடம் 14 மிஞ்சியிருந்தால், போட வேண்டியது 13, மொத்தம் 29. வியாழக்கிழமைப் போட்டியில் ஆன்டி இருந்திருந்தால் அந்த 24 சதவீதப் பட்டியலுக்கு எதிரான நட்டம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருக்கும். ராஜா-பத்துக்கான எண்களை நாளை மாலை பள்ளி விட்டதும் போட்டு எழுதுகிறேன்; அதே மூன்று பட்டியலையும் வைத்துக்கொள்வோம், ஒப்பிட வசதியாக இருக்கும்.